செத்தவீட்டில் மட்டும் ஏன் மோட்சம்? யாழ்ப்பாணத்துப் பங்குத்தந்தையருக்கும் போதகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பான சுவாமிமாரே, போதகர் ஐயாமாரே,

ஆண்டவருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக. நான் யாழ்ப்பாணக் கரையோரப் பங்கு ஒன்றில் பல வருடங்களாக ஞாயிறு மறைக்கல்வி படிப்பிக்கிறவள், கத்தோலிக்கப் பெண். ஆனாலும் இந்த மடலைத் தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளின் போதகர்களுக்கும், வாடகை வீடுகளிலும் தகரக் கொட்டகைகளிலும் ஆராதனை நடத்துகிற புதிய சபைகளின் பாஸ்டர்மாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எங்கள் ஊர்களில் ஒரு செத்தவீடு என்றால் எல்லாச் சபைச் சனமும் ஒரே பந்தலுக்குள்தான் இருக்கிறது. அங்கே நீங்கள் சொல்வதை எல்லாரும்தான் கேட்கிறோம்.

நித்தியத்தைப் பற்றி நீங்கள் எங்களோடு கதைப்பது, அநேகமாகப் பெட்டி பீடத்துக்கு முன்னால் இருக்கும்போது மட்டும்தான். மற்ற ஞாயிறுகளில் திருவிழா வரவுசெலவு, பிள்ளைகளின் போன் பழக்கம், மதில் கட்டுகிற காசு, தேர்தல் வந்தால் அதைப் பற்றி இரண்டு வார்த்தை. இவையும் தேவைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் செத்தால்தான் மோட்சம் பிரசங்கத்துக்கு வருகிறது. அப்போது கேட்கிற நிலையில் யார் இருக்கிறார்கள்? மனைவி முன் வாங்கில் தோள் பிடித்துத் தாங்கப்பட்டபடி இருப்பார். மகன் கட்டுநாயக்காவில் இறங்கி, இரவோடு இரவாக வாகனம் பிடித்து வந்து, சவரம் செய்யாத முகத்தோடு நிற்பான். வீடியோக்காரர் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் நேரலையில் காட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் சொல்லப்படுகிற ஆறுதல் பலருடைய காதில் விழுந்தபடியே போய்விடுகிறது. சிலருக்குப் போகாமல் முள்ளாகத் தைத்து நிற்கிறது.

தைத்து நிற்பது எது என்று சொல்கிறேன். "எல்லாம் ஆண்டவருடைய சித்தம்" என்பதுதான். 1995 யூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில், படை நடவடிக்கைக்குப் பயந்து ஓடிவந்த சனம் கோயிலிலும் வளவிலும் ஒதுங்கியிருந்தபோது விமானப்படை குண்டு போட்டது. 100க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அது ஆண்டவருடைய சித்தமா? அதைச் செய்த மனிதர்கள் இருந்தார்கள். மனிதர் செய்த பாவத்தை ஆண்டவர் தலையில் வைத்துவிட்டு, பிறகு அதே ஆண்டவரிடம் ஆறுதல் தேடச் சொன்னால் பெற்ற தாய் எங்கே போவாள்? ஏப்ரல் 21, 2019இல் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் உயிர்ப்பு ஞாயிறு ஆராதனைக்குப் போய்க் குண்டுவெடிப்பில் செத்த பிள்ளைகளின் தாய்மாருக்கும் இதே கேள்விதான்.

லாசர் செத்தபின் அவருடைய சகோதரிகள் மார்த்தாவிடமும் மரியாவிடமும் இயேசு போனபோது, இன்னும் கொஞ்ச நேரத்தில் தாம் என்ன செய்யப்போகிறார் என்று அவருக்குத் தெரியும். "உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே" என்று மார்த்தாவிடம் சற்று முன்தான் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகும் அவர் அழுதார். மரியா காலில் விழுந்து "நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான்" என்று குறைப்பட்டபோது, விசுவாசம் போதாது என்று அவர் கண்டிக்கவில்லை. எங்கள் செத்தவீடுகளில் "அழாதேங்கோ, அவர் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறார்" என்று அவசரமாக வாயடைக்கிறோமே, அந்த அவசரம் ஆண்டவரிடம் இருக்கவில்லை. உங்களிடமும் வேண்டாம். எங்களை அழவிடுங்கள். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதும் நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துயரப்படாதீர்கள் என்றுதான். துயரமே படக்கூடாது என்று அவர் எழுதவில்லை.

இனி, காணி விஷயத்துக்கு வருகிறேன். அடக்கப் பூசைகளில் நீங்கள் அடிக்கடி எடுக்கிற வசனம் பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது: "நமக்கோ விண்ணகமே தாய்நாடு." அருமையான வசனம். அதைச் சொல்லிவிட்டு, இந்த உலகம் எங்களுக்குச் சொந்தமில்லை, இங்கே நாங்கள் வழிப்போக்கர்கள், எதிலும் பற்று வைக்கவேண்டாம் என்று முடிக்கிறீர்கள். கேட்டுக்கொண்டிருப்பது யார் என்று ஒருமுறை பாருங்கள். மயிலிட்டிச் சனம் இருக்கிறது. காங்கேசன்துறைச் சனம் இருக்கிறது. 1990இல் உடுத்த உடுப்போடு எழும்பி, கையில் காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நடந்தவர்கள். படையின் கையில் இருந்த மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டது 2017 யூலையில். வலிகாமம் வடக்கில் இன்றுவரை தன் காணிக்குள் கால் வைக்காதவர்கள் எங்கள் கோயில் வாங்குகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், உங்களுக்கு இங்கே சொந்தம் ஒன்றுமில்லை என்று சொன்னால், பிடித்து வைத்திருக்கிறவனும் அதையேதான் சொல்கிறான். ஒரே வசனம் பீடத்திலிருந்தும் முள்ளுக்கம்பிக்குப் பின்னாலிருந்தும் வந்தால், அது யாருக்குச் சாதகமாகக் கேட்கும்?

இறைவாக்கினர் எரேமியாவின் நூலில் 32ஆம் அதிகாரத்தில் ஒரு காணி விற்பனை நடக்கிறது. பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை, ஆனால் அது யாழ்ப்பாணத்துக்கென்றே எழுதிவைத்தது போல இருக்கிறது. பாபிலோனியப் படை எருசலேமைச் சுற்றி வளைத்துவிட்டது. நகரம் விழப்போகிறது என்று சொன்னதற்காகத்தான் எரேமியா காவலில் கிடக்கிறார். அங்கே சித்தப்பா மகன் வந்து, அனத்தோத்தில் இருக்கிற காணியை வாங்கு என்கிறான். எதிரியின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிற காணி! எரேமியா 17 செக்கேல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். உறுதி எழுதுகிறார், சாட்சிகள் கையெழுத்து வைக்கிறார்கள். முத்திரை வைத்த பிரதியையும் திறந்த பிரதியையும் நெடுநாள் பழுதாகாமல் இருக்க மண்பாண்டத்துக்குள் வைக்கும்படி பாரூக்கிடம் சொல்கிறார். இந்த நாட்டில் வீடுகளும் நிலங்களும் திராட்சைத் தோட்டங்களும் மறுபடியும் வாங்கப்படும் என்று ஆண்டவர் சொல்கிறார் என்பதுதான் காரணம். கடவுளை நம்பினவர் செய்த காரியம் உறுதி முடித்தது. அதே எரேமியா பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், போயிருக்கிற நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்கிறார். எங்கள் மரண அறிவித்தல்களில் பாஷையூரைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட என்று எழுதுகிறோமே, அந்த இரண்டு இடத்துச் சனத்துக்கும் அந்தக் கடிதத்தில் இடம் இருக்கிறது. இங்கே காணியை மீட்கப் போராடுகிறவர்களுக்கும், அங்கே பனிக்குள் இரண்டு வேலை செய்கிறவர்களுக்கும், இந்த வாழ்க்கை வீண் காத்திருப்பு இல்லை என்று சொல்ல உங்களிடம் வேதம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லுங்கள்.

நித்தியத்தை உண்மையாக நம்பினவர்கள் இந்த மண்ணில் எப்படி நடந்தார்கள் என்று பாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், யோசேப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சில்லாலைச் சனம் அவரை ஒளித்து வைத்துக் காத்தது. ஆன்மாக்களுக்காக உயிரைப் பணயம் வைத்த அதே மனிதர், 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, சொந்தச் சனமே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, அவர்களுக்குக் கஞ்சி ஊட்டி, புண் கழுவி, செத்தவர்களைத் தம் கையால் அடக்கம் செய்தார். 2015இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் ஊர்களில் மணி அடித்தோம். அந்தக் கஞ்சிப் பாத்திரத்தைப் பற்றியும் படிப்பிக்கவேண்டும்.

1816இல் தெல்லிப்பழையில் வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரிமாரும் அப்படித்தான். மறுவுலகத்தைப் பற்றிய பயமும் நம்பிக்கையும்தான் அவர்களைக் கப்பல் ஏற்றியது. வந்து செய்தது என்ன? 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, அடுத்த வருடம் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம், 1841இல் உதயதாரகைப் பத்திரிகை. 1847இல் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததோடு, தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். சாகாத ஆன்மாவை நம்பினவர், சாகப்போகிற உடம்பின் எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ப் பெயர் தேடி இருந்து எழுதினார். அவர்களுடைய போதனை எல்லாவற்றோடும் நான் உடன்படவில்லை. ஆனால் மோட்சத்தை நம்புகிறவன் பூமியைக் கைவிடுவான் என்ற எண்ணத்துக்கு எங்கள் ஊர்ச் சரித்திரத்திலேயே இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை.

பவுலிடமும் இதே போக்கைத்தான் காண்கிறேன். 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரம் முழுக்க உயிர்த்தெழுதல். "சாவே, உன் வெற்றி எங்கே?" என்று கேட்கிற இடம் அதுதான். அடக்கச் சடங்கில் அதோடு வாசகத்தை நிறுத்திவிடுகிறோம். ஆனால் அதிகாரம் அப்படி முடியவில்லை. ஆண்டவருக்காக நீங்கள் உழைப்பது வீண்போகாது என்று முடிகிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வரி எருசலேம் ஏழைகளுக்காகக் காசு சேர்ப்பது பற்றி. ஒவ்வொரு ஞாயிறும் முடிந்ததை எடுத்து வையுங்கள் என்கிறார். எக்காளம் முழங்கி மரித்தோர் எழும்புவதைச் சொன்ன வாய், மூச்சு விடாமல் காணிக்கைக் கணக்குக்கு வருகிறது. அவருக்கு அது இறக்கமாகத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாமல் இருந்தால், அடக்கப் பூசையில் அந்தக் கடைசி வரியையும் சேர்த்து வாசியுங்கள்.

இதோடு தொடர்புள்ள ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேமக்காலைகளில் இப்போது மாபிள் கல்லறைகள் எழும்புகின்றன. பிள்ளைகள் அன்பில்தான் காசு அனுப்புகிறார்கள், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தாய் உயிரோடு இருந்தபோது மூன்று அறை வீட்டில் தனியே இருந்து, மருந்து எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் தவித்ததை அயலில் நாங்கள் எல்லாரும் கண்டோம். கல்லறை மந்திரிக்கக் கூப்பிடும்போது, அதே செலவில் ஒரு பங்கை ஊரில் தனித்திருக்கிற முதியவர்களுக்கு வையுங்கள் என்று சொல்கிற தைரியம் சுவாமிமாருக்கு வேண்டும். சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள், நல்ல பிள்ளைகள்தான்.

இப்போது இந்த மடலை எழுதவைத்த விஷயம். நவம்பர் 2, மரித்த விசுவாசிகள் நாள். சேமக்காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாளே புல் செருக்கி, கல்லறைக்கு வெள்ளை அடித்து, பின்னேரம் பூவும் மெழுகுதிரியுமாகச் சனம் நிறைந்திருக்கும். சுவாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக வருவார். ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறைக்குப் பக்கத்தில் நிற்கும். நடுவில் இருக்கிற பெரிய சிலுவையடியில் சிலர் நிற்பார்கள். அவர்களுக்கு இந்த மண்ணில் கல்லறை இல்லை. வேறு ஊரில் அடக்கப்பட்டவர்களின் சொந்தங்கள், கடலோடு போனவர்களின் சொந்தங்கள். அவர்களுக்குள் ஒரு அம்மா, காணாமல் ஆக்கப்பட்ட மகனுடைய பள்ளிக்கூட அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருப்பார். மெழுகுதிரி கொளுத்துவார், ஆனால் மண்ணில் நட்டுவைக்கமாட்டார். கையிலேயே பிடித்திருப்பார். மெழுகு விரலில் வடிந்து காய்ந்துபோய் இருக்கும்.

அந்த அம்மா ஒருநாள் பங்கு அலுவலகத்தில் பூசைக்கருத்து எழுத வந்து, கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுதிக் கொடுங்கோ டீச்சர் என்று என்னைக் கூப்பிட்டார். என்ன கருத்துக்கு என்று கேட்டேன்.

"ஆத்தும இளைப்பாற்றிக்கெண்டு எழுதினா, நானே என்ர பிள்ளையைச் சாகக் குடுத்த மாதிரி. சுகத்துக்கெண்டு எழுதினா, இவ்வளவு வருசத்துக்குப் பிறகும் இவளுக்கு விசரோ எண்டு சனம் கதைக்கும். நீங்கள் சொல்லுங்கோ டீச்சர், அவனை எந்தப் பக்கம் எழுதுறது?"

சுவாமிமாரே, இந்தக் கேள்விக்கு எங்கள் கொப்பியில் இடம் இல்லை. பூவுலக வாழ்வுக்கும் நித்தியத்துக்கும் இடையில் மனிதர் நிற்கிறார்கள் என்று நீங்கள் படிப்பிக்கிறீர்களே, அந்த இடையில் வருடக்கணக்காக நிற்கிறவர்கள் இவர்கள். 2017 பெப்ரவரி 20 தொடங்கிக் கிளிநொச்சி வீதியோரத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு இருந்த தாய்மாரில் சிலர், பதில் தெரியாமலே செத்தும் போனார்கள். அரசாங்கம் மரணச் சான்றிதழ் எடு, அல்லது காணவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் எடு என்கிறது. கோயிலும் அதே மாதிரி இரண்டு நிரலைத்தான் வைத்திருக்கிறது.

இது உங்களுக்கு வெளியில் இருக்கிற துயரமும் இல்லை. அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகள் 2006 ஓகஸ்ட் 20 அன்று, உதவியாளர் ஒருவரோடு போனவர், திரும்பி வரவில்லை. சென் பற்றிக்ஸ் கல்லூரி அதிபராக இருந்த பிரான்சிஸ் ஜோசப் அடிகள் 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் முடிவில் சரணடைந்தவர்களோடு போனார். அவரையும் பிறகு யாரும் காணவில்லை. உங்கள் சகோதரக் குருக்களை நீங்கள் எந்த நிரலில் எழுதுகிறீர்கள்? அவர்களுக்காகப் பீடத்தில் நிற்கும்போது என்ன சொல்லி மன்றாடுகிறீர்கள்? உங்கள் வாயில் வருகிற அந்த வார்த்தையை எங்கள் தாய்மாருக்கும் கொடுங்கள்.

செம்மணியை நினைக்காமல் இதைக் கதைக்கமுடியாது. சனத்தைக் கொன்று அங்கே புதைத்திருக்கிறார்கள் என்று 1998இல் ஒரு படைச்சிப்பாய் நீதிமன்றத்தில் சொன்ன வாக்குமூலத்துக்குப் பிறகு, 1999இல் அங்கே 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2025இல் அதே செம்மணிப் பகுதியில், அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டத் தொடங்கியபோது 200க்கும் மேற்பட்டவை வெளியே வந்தன, சிறு பிள்ளைகளுடையதும். ஒரு பள்ளிக்கூடப் பையும் பொம்மையும் எலும்புகளோடு கிடந்தன. அந்த ஓகஸ்டில், தெரிந்தவர்கள் அடையாளம் காட்டட்டும் என்று கண்டெடுத்த பொருட்களைச் சனத்துக்குப் பார்வைக்கு வைத்தார்கள். தன் பிள்ளையின் உடுப்பு அதற்குள் இருக்கவேண்டும் என்று செபிப்பதா, இருக்கக்கூடாது என்று செபிப்பதா? பார்க்கப் போன தாய்மாருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எங்களில் யாரும் ஆயத்தமாக இருக்கவில்லை.

எசேக்கியேல் 37இல் ஆண்டவர் இறைவாக்கினரை எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்கில் கொண்டுபோய் நிறுத்திக் கேட்கிறார்: மானிடா, இந்த எலும்புகள் உயிர்பெற முடியுமா? எசேக்கியேல் முடியும் என்று துணிந்து சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஆண்டவரே, உமக்குத்தான் தெரியும் என்கிறார். அதற்குப் பிறகு அவர் அந்த இடத்தைவிட்டுப் போகவும் இல்லை. எலும்புகளைப் பார்த்துப் பேசு என்று சொல்லப்பட்டதும் பேசுகிறார். இதுதான் உங்களிடம் நான் கேட்கிற பிரசங்கம். "அவன் மோட்சத்தில் இருக்கிறான் அம்மா" என்று தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லவேண்டாம். "வருவான், விசுவாசியுங்கோ" என்றும் வாக்குக் கொடுக்கவேண்டாம். எங்கே இருந்தாலும், உயிரோடோ உயிர் இல்லாமலோ, அவன் ஆண்டவருக்கு முன்னால் காணாமல் போகவில்லை என்று சொல்லுங்கள். வாழ்ந்தாலும் இறந்தாலும் நாம் ஆண்டவருக்கே உரியவர்கள் என்று உரோமையர் 14இல் இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் இரண்டு நிரலும் அடங்கும். அன்றைக்கு அந்த அம்மாவுக்கு நான் கொப்பியில் மகனுடைய பெயரை எழுதி, பக்கத்தில் "ஆண்டவருக்கு உரியவன்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். பூசையில் சுவாமி அதை அப்படியே வாசித்தார். அந்தச் சுவாமிக்கு நான் நன்றியுள்ளவள். ஆனால் ஒரு பங்கில் ஒருவருக்கு நடந்தது எல்லாப் பங்கிலும் எல்லாச் சபையிலும் நடக்கவேண்டும்.

தற்கொலை செய்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுண்கடன் நெருக்கடியிலும் வேறு மன உளைச்சலிலும் உயிரை விட்டவர்களின் வீடுகளில், கோயிலுக்குள் எடுப்பார்களோ, சேமக்காலை மூலையில்தானோ என்று இன்னும் குசுகுசுப்பு நடக்கிறது. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2283ஆம் பிரிவு, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது, திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்று தெளிவாகச் சொல்கிறது. அப்படி இருக்கும்போது சனம் இன்னும் ஏன் பழைய பயத்தில் இருக்கிறது? நீங்கள் அதைச் சாதாரண ஞாயிறில், யாரும் சாகாத கிழமையில், உரத்துச் சொல்லாததால்தான். அதை அப்படிச் சொன்னால், சாக நினைக்கிற ஒருவர் வந்து உங்களோடு கதைக்கவும் வழி பிறக்கும்.

புதிய சபைகளின் பாஸ்டர்மாருக்கும் ஒன்று. விசா கிடைத்ததும் வியாதி சுகமானதும் சாட்சியாகச் சொல்லப்படுகிற மேடையில், விசா கிடைக்காதவனும் சுகமாகாமல் விசுவாசத்தோடு கண்ணை மூடியவனும் எப்போது சாட்சி ஆவார்கள்? இறுதிக்காலம் வந்துவிட்டது என்று பயமுறுத்தி, படிக்கிற பிள்ளையைப் படிப்பை விடவைக்கிற பிரசங்கமும் எங்கள் ஒழுங்கைகளில் ஒலிபெருக்கியில் கேட்கிறது. தெசலோனிக்கேயாவில் வேலையை விட்டுவிட்டு இருந்தவர்களைப் பவுல் என்ன சொல்லிக் கண்டித்தார் என்று நீங்களே வாசித்திருப்பீர்கள்.

என்னுடைய வகுப்பில் ஒரு சிறுமி. தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உயிர்ப்பைப் பற்றிப் படிப்பித்தபோது கேட்டாள்: "மோட்சத்துக்குப் போனா இஞ்ச நடந்ததெல்லாம் மறந்துபோமோ டீச்சர்?" அப்பா தன்னை மறந்துவிட்டாரோ என்பதுதான் அவளுடைய பயம். யோவான் நற்செய்தியின் கடைசிப் பக்கங்களைத் திறந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். உயிர்த்த ஆண்டவர் மகதலா மரியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தோமாவிடம் காயத்தைக் காட்டுகிறார், மறுவாழ்வு அந்தக் காயத்தை அழித்துவிடவில்லை. இரவு முழுக்க ஒன்றும் படாமல் வந்த மீனவர்களுக்குக் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, சாப்பிட வாருங்கள் என்கிறார். சாவை வென்றவர் செய்த வேலை காலைச் சாப்பாடு சமைத்தது. "அப்ப அவருக்கு மீன் பிடிக்கிறவையைத் தெரியும்" என்றாள் பிள்ளை. பாஷையூரிலும் குருநகரிலும் நாவாந்துறையிலும் விடியப்புறம் கரைக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பகுதியை எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறீர்கள்? நித்திய வாழ்வு என்பது உம்மையும் நீர் அனுப்பியவரையும் அறிவதே என்று அதே நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் செபிக்கிறார். அறிவது இப்போதே தொடங்குகிற காரியம். வலை தெரிகிற இடத்தில், கடன் கொப்பி இருக்கிற வீட்டில், காணிக் கச்சேரி வரிசையில் தொடங்குகிற காரியம். பிள்ளைகளுக்கு இதை ஏழு வயதில் சொல்லிவைத்தால், பிறகொரு நாள் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது நீங்கள் புதிதாக ஒன்றும் சொல்லவேண்டி இராது.

ஆகவே இந்த நவம்பருக்கு முன்னால், உங்கள் பங்கு அருட்பணிச் சபைகளிலும் சபைக் கமிட்டிகளிலும் இவற்றைக் கதையுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களைப் பங்கு பங்காகச் சேர்த்து எழுதுவோம். எழுதுகிற வேலையை மறைக்கல்வி ஆசிரியர்கள் நாங்கள் பொறுப்பெடுக்கிறோம். நவம்பர் 2 பின்னேரம், கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளிக்கப் புறப்படுகிறதுக்கு முன்னால், நடுச் சிலுவையடியில் நின்று அந்தப் பெயர்களை வாசியுங்கள். தென்னிந்தியத் திருச்சபைப் போதகரும் மெதடிஸ்தப் போதகரும் வந்து பக்கத்தில் நிற்கட்டும், அவர்களுடைய சனத்தின் பெயர்களும் அந்தக் கொப்பியில் இருக்கும். கல்லறை இல்லாதவர்களுக்குச் சேமக்காலைச் சுவரில் ஒரு பெயர்க்கல் வைக்க அனுமதி தாருங்கள். பெயரும் பிறந்த திகதியும் மட்டும் போதும். மற்றத் திகதிக்கு இடம் விட்டு வெட்டச் சொல்லுகிறோம்.

பதில் எழுதினால் சந்தோசம். கூப்பிட்டால் வந்து கதைக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

கிறிஸ்துவின் அன்பில்,
யாழ்ப்பாணக் கரையோரப் பங்கு ஒன்றின் மறைக்கல்வி ஆசிரியை